ரயிலடிப் பிள்ளைகள் – 9: நான்காவது ஊசி

சேலம் ஜங்ஷனில் தண்ணீர் பாட்டில் பொறுக்கும் பையன்கள் எங்கே படுக்கிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்கிறார்கள்?

‘இதுகளுக்கு என்ன தெரியும், அழுக்குலயே கெடக்குதுங்க’ என்பது ஊர்ப் பேச்சு. தெரியாமல் இல்லை, அவர்களுடைய வரிசை வேறு. பசி, ரயில்வே போலீஸ், தூக்கத்தில் காசைப் பிடுங்கும் பெரிய பையன்கள் எல்லாம் இன்று ராத்திரியே வந்து நிற்கும் ஆபத்துகள். சிரங்கும் இருமலும் காத்திருக்கும். காய்ச்சலென்றால் மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’. கால் கிழிந்தால் குழாயடியில் கழுவி ஒரு துணிச் சுற்று. அதற்கும் மீறினால்தான் பெரியாஸ்பத்திரி.

இந்த வரிசையை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1990-களில் கேத்தரின் பாண்டர்-பிரிக் என்ற மானிடவியலாளரும் அவருடைய சகாக்களும் காத்மாண்டுவின் தெருப் பையன்களை அளந்து பார்த்தார்கள். பள்ளிக்குப் போகும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட வளர்ச்சி குறைவுதான். ஆனால் கிராமத்துப் பையன்களைவிடத் தேறியிருந்தார்கள். வீட்டைவிட்டு ஓடியதே சிலருக்குப் பசிக்கு வைத்தியமாக இருந்திருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வரிசை தப்பும் இடம், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். துணியில் பிழிந்து மூக்கருகே பிடித்தால் பசி மந்தமாகும், மார்கழிப் பனி உறைக்காது, பயம் விலகும். அவனுக்கு அது மருந்து. அதிலுள்ள டொலுயீன் மூளையைக் கெடுக்கும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி ஒரே தடவையில்கூட ஆளைச் சாய்த்துவிடும். 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் தெரிந்த ஒரே போதை இப்படி முகர்வதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17. இத்தனைக்கும் அது பெரும்பாலும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. வீடில்லாதவன் எந்தக் கதவைத் திறந்து பதில் சொல்லியிருப்பான்?

அடுத்தது நாய்க்கடி. நாய் படுக்கும் இடத்தில்தான் இவர்களும் படுக்கிறார்கள். கடிவாயில் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ வைப்பதைப் பெரியவர்களிடமிருந்தே கற்றிருக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வைத்தியம். உடனே ஊசி. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. கடித்தவுடன் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில். முதல் ஊசிக்கு வலியே துரத்திக் கொண்டுவந்துவிடும். புண் ஆறிய பிறகு ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு எதற்கு வரிசையில் நிற்பது? போதாக்குறைக்கு, ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் ‘கூட யாருடா வந்திருக்கா?’ என்பார்கள். அடுத்து ‘எந்த ஊரு?’ என்று வரும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அதற்குள் அவன் ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ இருக்கலாம். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் மிச்ச ஊசியைத் தொடரலாம் என்பதை அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். தேதியை நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆள் டாக்டராக இருக்கத் தேவையில்லை. பாட்டிலை எடை போடும் பழைய இரும்புக் கடைக்காரர் போதும். அவரிடம்தான் பையன் நாள் தவறாமல் வருகிறான். அதே கடைக்காரர் எடையில் எப்படி அடிக்கிறார் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)