அளவிறந்த புரதமும் மார்பகப் புற்றுநோயும்

அளவுக்கு மிஞ்சின் அமிர்தமும் நஞ்சாம் என்பது யாவரும் அறிந்த பழமொழி. உடலுக்கு இன்றியமையாத புரதமொன்று அளவிறந்து பெருகி உயிருக்கே உலை வைப்பதை நோக்குவார்க்கு அதன் உண்மை இனிது புலனாகும். மார்பகப் புற்றுநோயிற் சிலவகையிற் காணப்படும் ஹெர்-2 என்னும் புரதமே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இப்புரதம் உயிரணுவின் மேற்புறத்தே நின்று, தன் இனப் புரதங்களோடு கூடி, வளர்தற்கும் பிரிதற்குமுரிய கட்டளையை உள்ளே செலுத்துவது. இதனை ஆக்கும் ஜீன் 17-ஆம் குரோமோசோமில் உளது. தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரு பிரதிகள் இருத்தலே இயல்பு. நோயுற்ற அணுக்கள் சிலவற்றிலோ, குரோமோசோமின் அப்பகுதி மட்டும் பன்முறை இரட்டித்து, பிரதிகள் பத்து, இருபது என மிகுந்துவிடுகின்றன. பிரதி மிகவே புரதமும் மிகுகின்றது. மிகுந்த புரதங்கள் நெருங்கித் தம்முள்ளே இணைந்து, ஏவுவார் இன்றியும் கட்டளையிடுகின்றன. அணுவும் ஓயாது பிரிகின்றது.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடன் உழைத்தோரும் 189 கட்டிகளைச் சோதித்து, ஏறக்குறைய நூற்றுக்கு 30-இல் இப்பெருக்கம் இருத்தலைக் கண்டனர். அதனையுடைய பெண்டிர்க்கு நோய் விரைந்து மீளுதலும் ஆயுள் குறுகுதலும் அவ்வாராய்ச்சியிற் புலப்பட்டன. பிற்கால மதிப்பு நூற்றுக்கு 15 முதல் 20 வரையாகும்.

காரணம் அறியப்பட்டமையே மருந்துக்கு வழியாயிற்று. அப்புரதத்தையே நாடிப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுஸுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. முன்னர்க் கேட்டோர் நெஞ்சம் துணுக்குற்ற அடையாளமே, பின்னர் மருந்து சென்று தைக்கும் இலக்காயிற்று. இம்மருந்து அப்புரதம் மிக்கார்க்கே பயன்படுமாதலின், கட்டியை முதற்கண் சோதித்தறிதல் இன்றியமையாததாகும்.

இன்னுமொன்று நாம் உளங்கொள்ளத் தக்கது. இப்பெருக்கம் கட்டியின் அணுக்களிலே வாழ்நாளில் தோன்றுவதேயன்றித் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதன்று. பரம்பரையாக இறங்கத்தக்க பழுது பி.ஆர்.சி.ஏ. முதலிய வேறு ஜீன்களைச் சார்ந்தது. ஆகவே தாயின் சோதனைத் தாளில் ஹெர்-2 மிகுதி என்று காணும் மகள், அம்மிகுதியைத் தானும் சுமந்து பிறந்ததாக எண்ணி நடுங்க வேண்டுவதில்லை. நோயை நாணி மறைத்தலும் வேண்டா. மறைத்த நாள்கள் நோய்க்கே ஆக்கமாம். காலத்தே மருத்துவரை நாடுதலே அறிவுடைமையாம்.