மோட்டார் தண்டில் ஓர் இணைப்பு

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பழுதுபார்க்க மேலேற்றிய நீர்மூழ்கி மோட்டாரின் தண்டை உற்று நோக்கியிருக்கிறீர்களா? பம்புடன் சேரும் முனை எவர்சில்வராகவும், ரோட்டாரைத் தாங்கும் பகுதி சாதாரண எஃகாகவும் உள்ள தண்டுகள் உண்டு. முழுத் தண்டையும் எவர்சில்வரில் செய்தால் விலை கூடும். இவ்விரண்டையும் உருக்காமலேயே ஒட்டவைக்கும் முறைக்கு உராய்வுப் பற்றவைப்பு என்று பெயர்.

எவர்சில்வர் கண்ணுக்கு ஒரே பாளமாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தாலோ, வரப்புகளால் பிரிக்கப்பட்ட வயல்களைப் போல நெருக்கமான மணிகள் காணப்படும். பரவலாகப் பயன்படும் 304 வகையில் 18 முதல் 20 சதம் குரோமியம் உள்ளது. இதுவே மேற்பரப்பில் மெல்லிய படலமாகித் துருவைத் தடுக்கிறது. ஆனால் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எஃகு நீண்ட நேரம் கிடந்தால், அதிலுள்ள கரி மணிகளின் எல்லைக்கு வந்து குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது. வரப்பு மரம் பக்கத்துப் பயிரின் சத்தை இழுத்துக்கொள்வதைப் போன்றதே இது. எல்லையோரத்தில் குரோமியம் சுமார் 12 சதத்திற்கும் கீழே இறங்கினால் அங்கே துரு நுழைகிறது. மின்வில் பற்றவைப்பில் ஒட்டுக்குச் சற்றுத் தள்ளித் துரு தோன்றுவதற்கு இது முக்கியக் காரணம். உருகி உறைந்த ஒட்டில் மணிகளும் பருத்துவிடுகின்றன.

உராய்வு முறையில் ஒரு துண்டைச் சுழலவிட்டு, அசையாது பிடித்த மற்றொன்றின்மேல் அழுத்துகிறார்கள். சில வினாடிகளில் இரு முகங்களும் பழுத்து, பிசைந்த மாவைப் போல் இளகுகின்றன. உருகுநிலையான 1400 டிகிரியை எட்டுவதில்லை. சுழற்சியை நிறுத்தி மேலும் அழுத்தும்போது அழுக்கும் ஆக்சைடும் இளகிய உலோகத்தோடு வெளியே பிதுங்குகின்றன. இந்த வளையத்தைக் கடைசலில் சீவிவிடுவார்கள். சூட்டோடு நசுங்கிய பழைய மணிகளுக்குப் பதிலாக மிகச் சிறிய புதிய மணிகள் அங்கே உருவாகின்றன. மணி சிறுத்தால் வலிமை கூடும். சூடான பகுதி குறுகியது, விரைவில் ஆறிவிடும். ஆகவே கரி குரோமியத்தைப் பிடிக்க அவகாசம் குறைவு.

இம்முறையும் குறையற்றதன்று. உராய்வு நேரம் மிகுந்தால் சாதாரண எஃகிலுள்ள கரி எவர்சில்வர் பக்கம் ஊர்ந்து அதே தொல்லையைத் தரும். அது வெளிப்பார்வைக்குப் புலப்படாது.

இணைப்பில் முறிந்த தண்டைப் பட்டறையில் மின்வில் கொண்டு ஒட்டித் தருவதாகச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அகலமாகப் பரவும் வெப்பத்தால் தண்டு வளையும், பேரிங் தேயும். குழாய்களை மறுபடியும் ஏற்றி இறக்கும் செலவு தலையில் விழும். புதுத் தண்டே மேல். தெளிப்பான் தொட்டி, பால் கேன் ஆகியவற்றை ஒட்டலாம். அவற்றுக்குக் கரி குறைந்த 308 எல் கம்பியைக் கேளுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் சிறிது சிறிதாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு, கருத்த கறையைத் தேய்த்து நீக்கச் சொல்லுங்கள்.