ஓர் அறையில் ஐந்து வகுப்புகள்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ளது இலஞ்சி. குமரரை வணங்க வருவோரும், சாரற் காலத்தில் அருவியை நாடி வருவோரும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். இப்பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருந்தபோது, பிள்ளைகளிடம் நான் கற்ற பாடம் ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பள்ளியில் வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர். இது வியப்பன்று. 60 பிள்ளைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பதே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. இருவரில் ஒருவர் விடுப்பில் சென்றால், ஐந்து வகுப்பும் ஒருவர் பொறுப்பே. அகரம் எழுதும் குழந்தையும் பின்னக் கணக்குப் போடும் சிறுமியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருப்பர். யாருக்கு எதைக் கற்பிப்பது?

இக்கேள்வி புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு என்ற பிரிவே இல்லை. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்கு மணலில் எழுதக் கற்பித்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் இவ்வழக்கத்தைக் கண்டார். தம் பள்ளியிலும் சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பித்தார். பின்னர் 1797இல் லண்டனில் இதுபற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. வழக்கம் நம்முடையது; பெயர்தான் அவர்கள் சூட்டியது. ஆயினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. சட்டாம்பிள்ளை மனப்பாடம் கேட்டானேயன்றி, வினா எழுப்பவில்லை.

அக்குறையை நீக்க முயன்றதே நம் காலத்துச் செயல்வழிக் கற்றல். ஆந்திர மாநிலத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான அட்டைமுறையை அடிப்படையாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கிற்று. 2007-08ஆம் கல்வியாண்டில் தமிழகமெங்கும் பரவிற்று. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்படும். அவை ஏணிப்படிபோல் வரிசைப்படும். குழந்தை தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்துப் பாயில் அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை. ஒரு குழுவுக்குத் தோழர் துணை. மற்றொன்று தானே கற்கும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமோ, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்தது. வயதை நோக்காது நிலையை நோக்குவதே இவற்றின் பொதுக் கருத்து.

கருத்து நல்லதே. ஆனால் நிலையை அளப்பவர் யார்? நான்தானே! அங்கேதான் நான் தவறினேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. ஆகவே அவனை அரும்புக் குழுவில், தன்னினும் சிறியவர்களோடு அமர்த்தினேன். அது முறைப்படி சரியே. ஆனால் அவன் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். ‘இவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று நானும் எண்ணத் தொடங்கினேன்.

இந்நிலையில் ஒரு நாள் ஐந்து வகுப்பையும் வெளியே அழைத்துச் சென்றேன். முதல் இடம் ஒரு மகிழமரத்தடி. இலஞ்சி என்ற சொல்லுக்கு மகிழமரம் என்றும் பொருள். குளம் என்றும் பொருள். மரத்தின் அறிவியற் பெயரிலும் ‘எலெங்கி’ என்று அச்சொல்லின் சாயல் இருக்கிறது. மலையாள நாட்டு வழக்கிலிருந்து அது அங்கே சென்றது.

மரம் ஒன்றே, வேலை ஐந்து. முதல் வகுப்பினர் உதிர்ந்த பூக்களை எண்ணினர். இரண்டாம் வகுப்பினர் அவற்றைப் பத்துப் பத்தாகக் கோத்து, பத்தும் ஒன்றும் பிரித்துக் கூறினர். மூன்றாம் வகுப்பினர் கண்டதை ஒவ்வொரு வரியாக எழுதினர். நான்காம் வகுப்பினர் நூலால் அடிமரத்தைச் சுற்றிப் பின் அளவுகோலில் அளந்தனர். ஐந்தாம் வகுப்பினர் அவ்வழி வந்த முதியவர்களிடம் மரத்தின் பயனைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர். எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

அடுத்து, குளத்தங்கரை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “ஐயா, மடை ஏன் கீழே இருக்கிறது? மறுகால் மட்டும் ஏன் மேலே இருக்கிறது?” என்று கேட்டாள். நான் விடையைத் தொடங்குமுன் ஒரு குரல் எழுந்தது. அந்தச் சிறுவன்தான்!

“மடை வயலுக்கு. குளத்தில் தண்ணீர் குறைந்தாலும் வயலுக்குப் போகவேண்டும், அதனால் கீழே. மறுகால் மிஞ்சின தண்ணீருக்கு. கரை உடையாமல் இருக்க, குளம் நிறைந்தபின் அது ஓடினால் போதும், அதனால் மேலே,” என்றான் அவன்.

தாத்தாவோடு மடை திறக்கப் போவானாம். மலரும் மொட்டும் அரும்பைச் சூழ்ந்து நின்று கேட்டன. கற்பிப்பவன் அவன், கற்பவர்களுள் நானும் ஒருவன்.

மறுநாள் குளம், மடை, மறுகால், கரை என்னும் நான்கு சொற்களை அட்டையில் எழுதி அவன் முன் வைத்தேன். தனக்குரிய சொற்களை அவன் விரும்பிப் படித்தான். உடனே எல்லாம் வந்துவிடவில்லை. ஒரு முழு வரியைத் தடையின்றி வாசிக்கத் தைத்திங்கள் ஆயிற்று. ஆயினும் அவன் மீண்டும் பேசத் தொடங்கியது அக்குளக்கரையில்தான்.

அப்போது நான் தெளிந்தது இதுவே: எழுத்தில் அரும்பாக இருப்பவன் நீரறிவில் மலராக இருக்கலாம். அறைக்குள் ஓர் ஏணியே உண்டு. வெளியே பல ஏணிகள் உண்டு. களப்பயணம் பொழுதுபோக்கன்று, அளவுகோலை மாற்றிப் பிடிக்கும் வாய்ப்பு.

அதற்கு ஆயத்தம் வேண்டும். ஆசிரியர் முன்னதாக ஒருமுறை தனியே சென்று, இடத்தையும் நீராழத்தையும் பார்த்துவர வேண்டும். ஒரு பெரிய பிள்ளைக்கு இரு சிறியவர் எனக் குழு அமைக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வினாவைக் கையில் தந்தே புறப்பட வேண்டும். திரும்பியதும் கண்டதைப் பேசவும் வரையவும் எழுதவும் நேரம் ஒதுக்க வேண்டும். இப்பின்பணி இல்லையேல், சென்றுவந்தது வெறும் நடையே.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகலாம். ஆகாதவரும் வீட்டில் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித் தருவீர்கள். ஒரு குழந்தையைப் பார்த்து, ‘இதற்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல நா எழும்போது, சற்றே பொறுங்கள். அதற்குத் தெரிந்த இடத்துக்கு அதை அழைத்துச் சென்றோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.