நாரும் நுரையும்

ஷேவிங் நுரையை உள்ளங்கையில் பிதுக்கினால் வழிந்தோடாமல் குன்றுபோல் நிற்கிறது. இத்தனைக்கும் அதில் பெரும்பகுதி காற்று, மிச்சம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். காற்றின் பங்கு ஏறத்தாழ 64 சதவீதத்தைத் தாண்டினால் குமிழிகள் நகர இடமின்றி நெருக்கியடித்துக்கொள்கின்றன. அதன்பிறகு ஓரளவுக்கு மேல் அழுத்தினால்தான் நுரை அசைந்துகொடுக்கும்.

ஆனால் இந்த உறுதிக்கு ஆயுள் குறைவு. குமிழிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியே தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். இந்த வாய்க்கால்கள் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோவின் பெயரால் அழைக்கப்படுகின்றன. பார்வை பறிபோன பிறகும் உதவியாளர்களின் கண்களைக்கொண்டு சோப்புப் படலங்களை ஆராய்ந்து, 1873இல் நூலாக வெளியிட்ட மனிதர் அவர்.

இந்த ஈர நுரையில் மரக்கூழ் நாரைக் கலந்தால்?

காகித ஆலைக்காரர்களுக்கு இதில் அக்கறை உண்டு. வெறும் தண்ணீரில் நார்கள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டுவிடும். காகிதம் திட்டுத்திட்டாக வரும். அதைத் தவிர்க்க, 99 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் உள்ள நீர்த்த கூழையே சல்லடைமேல் பாய்ச்சுவார்கள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விக்கின்ஸ் டீப் நிறுவனத்தைச் சேர்ந்த ராட்வான், கேட்வார்ட் இருவரும் தண்ணீருக்குப் பதில் நுரையில் நாரைச் சுமந்துசெல்லும் முறையை விவரித்தார்கள். பின்லாந்தின் விடிடி ஆய்வு மையம் பிற்பாடு அதைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தது.

உருப்பெருக்கியில் பார்த்தால் சங்கதி விளங்கும். ஊசியிலை மரத்தின் நார் சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். தடிமனோ தலைமயிரைவிடக் குறைவு. குமிழியின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரே நார் இருபது குமிழிகளை ஒட்டிக் கிடக்கும். இடையில் புகுந்த குமிழிகள் நார்களைச் சேரவிடுவதில்லை. நார்களும் சும்மா இருப்பதில்லை. வாய்க்கால்களில் குறுக்கிட்டு வடிகாலைத் தாமதப்படுத்துகின்றன. அவற்றின் அளவு கூடக்கூட, நுரையை அசைக்கத் தேவையான விசையும் கூடுகிறது. தொலைவிலுள்ள குமிழிகளையும் ஒரே நார் பிணைத்துவிடுகிறதே!

அழுத்தாமல் வடியவிட்டு உலர்த்தினால் குமிழிகள் போய், அவை இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். பஞ்சுபோன்ற அந்தப் பலகை வெப்பத்தடுப்புக்கும் பொருள்களைப் பொதிவதற்கும் ஆகும்.

சிக்கல் நுரைக்கும் பொருளில் இருக்கிறது. ஷாம்புவில் சேர்க்கும் சோடியம் டோடெசைல் சல்பேட்டைப் போட்டால் நுரை நன்றாக வரும். ஆனால் நார்களுக்கிடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமாகி, உலர்ந்த தாள் வலுவிழக்கும். அதனால் நுரைக்கவும் ஒட்டவும் வல்ல பாலிவினைல் ஆல்கஹாலையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.