எஞ்சின் ஆயில்: லாரி ஊர்ல ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்களுக்கு ஒரு கணக்கு

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் சங்ககிரியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கலாம். அவர் செகண்ட் ஹேண்டில் ஒரு ஆக்டேவியா ஆர்எஸ் 245 வாங்கியிருக்கார். 2020-ல் இந்தியாவுக்கு 200 கார் மட்டும் வந்த மாடல், 2 லிட்டர் டர்போ பெட்ரோல். ஷோரூமில் "15,000 கிலோமீட்டர் இல்லைன்னா ஒரு வருஷம்"னு சொல்லியிருக்காங்க. லாரி வச்சிருக்கிற அவரோட மாமா, "நம்ம ஊர் வெயிலுக்கு தண்ணி மாதிரி ஆயில் தாங்காது மாப்ள, 20டபிள்யூ-50 ஊத்து"ங்கிறார். வண்டி ஓடுறதோ வருஷத்துக்கு 3,000 கி.மீ. தான். யார் சொல்றதைக் கேக்கறது?

சுருக்கமான பதில்: எந்த ஆயில்ங்கிறதுக்கு கையேட்டைக் கேளுங்க. எப்போ மாத்தணும்ங்கிறதுக்கு, நீங்க வண்டி ஓட்டுற விதத்தைப் பாருங்க. ஏன்னு விளக்கமா பார்ப்போம்.

மாமா சொல்றதில் எவ்வளவு உண்மை?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எஞ்சினைப் பத்தி ஒருத்தர் பேசினா சும்மா தள்ளிவிட முடியாதுங்க. டேங்கர், டிரெய்லர், ரிக் வண்டின்னு தலைமுறையா எஞ்சினோட வாழ்ந்த ஊர். ஆனா அந்த அனுபவம் முழுக்க பெரிய டீசல் எஞ்சின்ல வந்தது.

லாரி எஞ்சின் பெரும்பாலும் 2,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே வேலை செய்யும். காரைவிட பல மடங்கு ஆயில் பிடிக்கும். ஒரு தடவை கிளம்பினா மணிக்கணக்கா ஒரே சீரா ஓடும். நம்ம ஸ்போர்ட்ஸ் கார் 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுத்தும். ஆறு லிட்டர் கூட இல்லாத ஆயில்தான் பேரிங், டர்போ, டைமிங் செயின் எல்லாத்தையும் காப்பாத்தணும். அதுவும் வாரத்துல ஆறு நாள் ஷெட்டுல நிக்கும்.

ஆயிலோட தரமும் வேற. டப்பாவில் ஏபிஐன்னு போட்டு பக்கத்துல ரெண்டு எழுத்து இருக்கும். எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல் எஞ்சினுக்கு, சி-ல ஆரம்பிச்சா டீசலுக்கு. லாரிக்கு ஊத்துற சிஐ-4, சிகே-4 எல்லாம் நல்ல ஆயில்தான். ஆனா நேரடி இஞ்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு எல்எஸ்பிஐன்னு ஒரு பிரச்சினை உண்டு. குறைந்த ஆர்பிஎம்ல ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். மோசமா நடந்தா பிஸ்டனே உடையலாம். ஆயில்ல சேர்க்கிற கால்சியம் வகை டிடெர்ஜென்ட் இதைத் தூண்டிவிடுது. அதனாலதான் 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இதுக்குன்னே தனி சோதனை இருக்கு. டீசல் ஆயிலுக்கு அந்தச் சோதனை கிடையாது.

வெயிலுக்கும் ஆயில் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?

5டபிள்யூ-30ங்கிறதுல டபிள்யூன்னா வின்டர், அதாவது குளிர்காலம். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில வச்சு, எஞ்சின் சுத்த வைக்கிற அளவுக்கு இளகி இருக்கான்னு சோதிப்பாங்க. சேலத்துக்கு அந்தக் குளிர் வரப்போறதில்லை. ஆனாலும் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டர்போவுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் ஆயில் சீக்கிரம் போய்ச் சேரணும், அதுக்கு இந்த நம்பர் சின்னதா இருக்கிறது உதவும்.

பின்னாடி வர்ற 30, 40, 50 எல்லாம் 100 டிகிரியில ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்குங்கிற கணக்கு. 30-ன்னா 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள, 40-ன்னா 12.5-லிருந்து 16.3-க்குள்ள, 50-ன்னா 16.3-லிருந்து 21.9-க்குள்ள.

இதுல கவனிக்க வேண்டியது, சோதனை நடக்குறது 100 டிகிரியில, வெளியே அடிக்கிற 40 டிகிரியில இல்லை. கூலன்டும் தெர்மோஸ்டாட்டும் எஞ்சின் சூட்டை ஒரே அளவுல வச்சிருக்கும். சேலம் – நாமக்கல் ஹைவேல 100-ல் போனா, மே மாசமோ மார்கழியோ, ஆயில் சூட்டுல பெரிய வித்தியாசம் வராது. "வெயில் ஜாஸ்தி, அதனால கெட்டி ஆயில்"ங்கிற வாதம் இங்கதான் உடையுது.

கெட்டி ஆயில் சும்மா பாதுகாப்புக்குன்னு ஊத்தினாலும் பாதிப்பு இருக்கு. இன்றைய எஞ்சின்களில் வால்வு திறக்கிற நேரத்தை மாத்துறதே ஆயில் பிரஷர்தான், அதுவும் ரொம்பச் சின்ன துளைகள் வழியா. 20டபிள்யூ-50 அந்த வேகத்துல ஓடாது. குளிர்ந்த எஞ்சின்ல பிரஷர் ஏறி, ஃபில்டர்ல இருக்கிற பைபாஸ் வால்வு திறந்தா, வடிகட்டாத ஆயில் நேரா பேரிங்குக்குப் போகும்.

சூடு உண்மையிலேயே எங்க ஏறும்?

மலைப்பாதையில. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. நாமக்கல் மாவட்டத்துலேயே இருக்கிற கொல்லிமலைக்கு 70. அங்க எஞ்சின் முழு பலத்துல இழுக்கும், ஆனா வண்டி வேகம் 30, 40-தான். முன்னாடி காத்து கம்மி, டர்போ முழுக்க வேலை செய்யும், ஏசியும் ஓடிட்டிருக்கும். ஆயில் சூடு 120-ஐ எட்டுறது இந்த மாதிரி நேரத்துலதான்.

அப்போ பார்க்க வேண்டியது எச்டிஎச்எஸ்னு ஒரு அளவு. 150 டிகிரி சூட்டுல, ரெண்டு உலோகப் பரப்புக்கு நடுவே ஆயில் நசுங்கி வேகமா இழுபடும்போது எவ்வளவு தாக்குப்பிடிக்குதுங்கிற சோதனை. 5டபிள்யூ-30 ஆயிலுக்கு இதுல குறைந்தபட்சம் 2.9 இருந்தா போதும். ஆனா ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் ஏ3/பி4, சி3 ரெண்டும் குறைந்தது 3.5 கேட்கும். அதாவது ஒரே கடையில, ஒரே அலமாரியில, 5டபிள்யூ-30ன்னு எழுதின ரெண்டு டப்பா இருக்கலாம். உள்ளே இருக்கிறது ரெண்டும் வேற ஆயில்.

டப்பாவில் எதைப் படிக்கணும்?

கார் கம்பெனியோட அங்கீகார எண்ணை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி பெட்ரோல் எஞ்சின்களுக்கு 502 00, 504 00 மாதிரி. இந்த ரெண்டுமே 3.5-க்குக் குறையாம கேட்கும். அதே கம்பெனியோட 508 00ங்கிறது 0டபிள்யூ-20 ஆயில், 2.6 போதும். அது அதுக்குன்னு வடிவமைச்ச எஞ்சினுக்கு மட்டும்தான். பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04 மாதிரி எண்கள், போர்ஷேவுக்கு ஏ40. நம்ம சென்னை பக்கத்துல அசெம்பிள் ஆகிற எம்340ஐ-க்கும் இதே விதிதான், கையேட்டில் என்ன எண் இருக்கோ அதுதான் டப்பாவிலும் இருக்கணும்.

ரெண்டு எச்சரிக்கை. டப்பாவில் "அங்கீகரிக்கப்பட்டது"ன்னு இருந்தா கார் கம்பெனி சோதிச்சு ஒப்புதல் கொடுத்திருக்கு. "இந்தத் தரத்துக்குப் பொருந்தும்"னு மட்டும் இருந்தா, சொல்றது ஆயில் கம்பெனி மட்டும்தான். அடுத்து, "ஃபுல்லி சிந்தெடிக்"ங்கிற வார்த்தை. 1999-ல் அமெரிக்காவில் மொபில், கேஸ்ட்ரால் கம்பெனிகளுக்கு நடுவே வந்த விளம்பரப் பிரச்சினைக்கு அப்புறம், நல்லா சுத்திகரிச்ச கச்சா எண்ணெயையும் சிந்தெடிக்னு விக்கிறாங்க. அது கெட்ட ஆயில் இல்லை. ஆனா அந்த ஒரு வார்த்தையை நம்பி வாங்காதீங்க, எண்ணைப் பாருங்க.

எப்போ மாத்தணும்?

15,000 கி.மீ. இல்லைன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. இந்த "இல்லைன்னா"வை நிறைய பேர் விட்டுடறாங்க. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், அது ஒரு ஆர் கண்டிஷன். ஒண்ணு நிறைவேறினா போதும், சர்வீஸ் வந்தாச்சு.

கிலோமீட்டர் மட்டும் ஏன் போதாது? 10,000 கி.மீ.யை சராசரி 60 வேகத்துல ஓட்டினா எஞ்சின் ஓடுறது ஏறக்குறைய 167 மணி நேரம். அதையே சேலம் அஞ்சு ரோடு டிராஃபிக்ல சராசரி 20-ல் ஓட்டினா 500 மணி நேரம். ஓடோமீட்டர் ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் காட்டும். ஆயில் உழைச்சது மூணு மடங்கு.

கம்மியா ஓடுற வண்டிக்கு வேற பிரச்சினை. அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா ஆயில் முழுசா சூடாகாது. எஞ்சினுக்குள்ள சேர்ற ஈரமும், சுவர்ல வழியிற பெட்ரோலும் ஆவியாகாம ஆயிலோடயே தங்கிடும். ஆயில் நீர்த்துப்போகும், அமிலம் சேரும். அதனால நம்ம நேயருக்கு: 3,000 கி.மீ. ஓடினாலும் வருஷம் ஒரு தடவை கட்டாயம் மாத்துங்க.

சூட்டுக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆயில் சூடு 10 டிகிரி கூடினா, அது ஆக்ஸிஜனோட சேர்ந்து கெடுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும். தூசியும் கணக்குல வரும். கல் குவாரி, செங்கல் சூளை இருக்கிற ரோட்டுல தினமும் போனா ஏர் ஃபில்டரைச் சீக்கிரமா பாருங்க. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போற மண் துகள், ஆயில்ல கலந்து பேரிங்கைத் தேய்க்கும்.

இதையெல்லாம் வச்சு டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் சொல்ற கணக்கு:

– பெரும்பாலும் ஹைவே: 8,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம்.
– ஊருக்குள்ள ஓட்டம், அடிக்கடி ஏற்காடு, கொல்லிமலை: 5,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம்.
– கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்குல ஓட்டினா: ரெண்டு டிராக் டேவுக்கு ஒரு தடவை, கி.மீ. பார்க்க வேண்டாம்.
– பழைய சர்வீஸ் விவரம் தெரியாம வாங்கின கார்: உடனே ஆயிலும் ஃபில்டரும். அப்புறம் 3,000 கி.மீ.யில் இன்னொரு தடவை.

கம்பெனி சொன்னதுக்கு முன்னாடியே மாத்தினா வாரன்டிக்கு ஒண்ணும் ஆகாது. தாண்டிப் போனாத்தான் ஆபத்து. பில்லை எடுத்து வையுங்க. ஆயிலுக்கு ஆகிறது சில ஆயிரம். டர்போ போனா பேச்சே லட்சத்துல ஆரம்பிக்கும்.

கடைசியா சில பழக்கங்கள்

ஆயில் கறுத்துப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. அழுக்கைப் பிடிச்சு வச்சிருக்கிறதும் அதோட வேலைதான். நிறத்தைவிட அளவைப் பாருங்க. 1,000 கி.மீ.க்கு ஒரு தடவை, சமதளத்துல நிறுத்தி, டிப்ஸ்டிக் எடுங்க. அளவு குறைஞ்சா எஞ்சின் குடிக்குது. ஊத்தாமலே அளவு ஏறி, பெட்ரோல் வாசம் அடிச்சா ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு. தேதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திடுங்க.

போலி ஆயில் பெரிய தலைவலி. அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க, சீல் உங்க கண்ணு முன்னாடி உடையட்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டுட்டுப் போடுங்க, திரும்ப நிரப்பி விக்க முடியாது. பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்த விடாதீங்க. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகணும். சேலத்துச் சாக்கடை போய்ச் சேர்றது திருமணிமுத்தாற்றுல, அது போய்ச் சேர்றது காவிரியில.

அடுத்த ஞாயித்துக்கிழமை மலை ஏறுறதுக்கு முன்னாடி கையேட்டை எடுத்து அந்த ஒரு எண்ணைப் பார்த்து போன்ல குறிச்சு வையுங்க. கடையில என்ன டப்பாவை நீட்டினாலும் அதோட ஒப்பிட்டுப் பாருங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க.