புற்று நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி?

வீட்டில் ஒருவருக்குப் புற்று நோய் என்றால், குடும்பமே கலங்கிப் போகிறது. "வேலூருக்குப் போ" என்பார் ஒருவர். "சென்னைக்குப் போ" என்பார் இன்னொருவர். பேச்சிலேயே நாட்கள் ஓடிவிடும். நோய் காத்திருக்காது!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதல் சோதனை

அது புற்று நோய்தானா என்று முதலில் தெரியவேண்டும். கட்டியில் இருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். இதற்கு "பயாப்சி" என்று பெயர். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம்.

சோதிக்கும் முன்பே கட்டியை அவசரப்பட்டு அறுத்து எடுப்பது தவறு. பின்னால் செய்யும் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

மூன்றும் ஓரிடத்தில்

புற்று நோய்க்கு முக்கிய சிகிச்சைகள் மூன்று. ஒன்று, அறுவை. இரண்டு, கதிர் வீச்சு. மூன்று, மருந்து. சிலருக்கு ஒன்று போதும். சிலருக்கு மூன்றும் வேண்டும். ஆகவே, மூன்றும் உள்ள இடமே நல்லது. அங்கே டாக்டர்கள் கலந்து பேசி முடிவு செய்வார்கள்.

புதுச்சேரி ஜிப்மர் அப்படிப்பட்டது. மத்திய அரசின் ஆஸ்பத்திரி. இரண்டு ஊர்களில் இருந்தும் சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

காஞ்சீபுரம் காரப்பேட்டையில் தமிழக அரசின் புற்று நோய் ஆஸ்பத்திரி உள்ளது. 1969-ல் புற்று நோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கியது.

சென்னை அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கியவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 12 படுக்கைகளுடன் தொடங்கியது, இன்று நாடறிந்த ஆஸ்பத்திரி!

தூரத்தையும் பாருங்கள்

கதிர் வீச்சு ஒரே நாளில் முடிவது அல்ல. பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம், பல வாரம் போகவேண்டும். தொலைவில் தொடங்கி, பஸ் செலவுக்கும் தங்குவதற்கும் வழி இல்லாமல் பாதியில் நிறுத்துவது ஆபத்து. முடிக்கக்கூடிய இடமே சரியான இடம்.

கேட்க வேண்டியவை

முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்:

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

சிகிச்சை எத்தனை நாள்?

முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா?

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். சோதனைச் சீட்டுகளை எல்லாம் ஒரே பையில் பத்திரமாக வையுங்கள். எங்கே போனாலும் அவை தேவைப்படும்.

தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், பல புற்று நோய்களைக் குணப்படுத்த முடியும். கட்டியோ, ஆறாத புண்ணோ தெரிந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்!