நலமும் செல்வமும்: கிளாஸ்கோ நகர் கற்பிக்கும் பாடம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. நாட்டிற்கு அணியாவன ஐந்தினைத் தொகுத்துரைத்த வள்ளுவப் பெருந்தகையும் பிணியின்மையை முதலில் வைத்துச் செல்வத்தை அதன் பின்னரே வைத்தார். இவ்வரிசை முறையில் ஆழ்ந்த பொருளியல் உண்மையொன்று பொதிந்துள்ளது. செல்வம் பெருகினால் நலம் தானே வந்தெய்தும் என நம்பிய நகரங்களுள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோவும் ஒன்று. அந்நகரின் வரலாற்றைத் துணைக்கொண்டு, நகர மக்களின் உடல்நலத்திற்கும் அரசின் பொருளாதாரக் கொள்கைக்கும் உள்ள தொடர்பினை ஈண்டு ஆராய்வோம்.

குடிநீர் தந்த வாழ்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகப் பெருகக் கிளாஸ்கோவில் மக்கள் நெருக்கமும் அளவின்றிப் பெருகியது. 1848-49, 1853-54 ஆகிய ஆண்டுகளில் பரவிய காலரா ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதுவரை தனியார் நிறுவனங்கள் வழங்கி வந்த குடிநீரை 1855இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி நகர ஆட்சியே தன் பொறுப்பில் ஏற்றது. கேட்ரின் ஏரியின் தூய நீர், குன்றுகளைக் குடைந்து அமைத்த கால்வாய் வழியே ஏறத்தாழ 26 மைல் கடந்து நகர்ப்புறத்து நீர்த்தேக்கத்தை அடைந்தது. 1859இல் விக்டோரியா அரசியார் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1866இல் காலரா மீண்டும் தலைகாட்டியபோது இறந்தோர் தொகை நூற்றையும் எட்டவில்லை. பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்னும் முடிவே இங்கு மருந்தாயிற்று.

செல்வம் வந்ததும் சென்றதும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் கட்டப்பெற்ற கப்பல்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிளைடு ஆற்றங்கரையில் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழில் நலிந்தது. இளைஞரும் தொழில் தேர்ந்தோரும் புதிய நகரங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். எஞ்சியோர் பலர் நகர எல்லையில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். அண்டை அயலார் என்னும் உறவு அறுந்தது.

இதன் விளைவை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கிளாஸ்கோ, லிவர்பூல், மான்செஸ்டர் ஆகிய மூன்று நகரங்களிலும் வறுமையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. எனினும் 65 வயதுக்குமுன் இறப்போர் விகிதம் ஏனைய இரண்டைவிடக் கிளாஸ்கோவில் 30 விழுக்காட்டிற்கும் மேல் மிகுந்திருந்தது. மது, போதைப்பொருள், தற்கொலை ஆகியவை இம்மிகுதிக்குப் பெருங்காரணங்களாயின. இவை குடிநீர்க் குழாயால் தீரும் நோய்கள் அல்ல. வேலையின்மையும் வீட்டுவசதிக் கொள்கையும் இவற்றின் வேர்களுள் அடங்கும்.

அளவுகோலில் உள்ள குறை

நாட்டு வருமானக் கணக்கீட்டை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத்தால் மட்டும் அறிய இயலாது என 1934லேயே எச்சரித்தார். மது விற்றாலும் உற்பத்தி மதிப்பு உயர்கிறது. அதனால் விளைந்த நோய்க்கு மருத்துவம் பார்த்தாலும் உயர்கிறது. குடியால் குலைந்த குடும்பத்தின் துயரம் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இக்குறையை உணர்ந்த ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, நியூசிலாந்து ஆகிய அரசுகள் 2018இல் நல்வாழ்வுப் பொருளாதாரத்திற்கான ஒரு கூட்டணியை அமைத்தன. ஸ்காட்லாந்து அதே ஆண்டில் மதுவின் ஓர் அலகிற்கு 50 பென்சு என்னும் குறைந்த அளவு விலையை விதித்தது. மதுவால் நேரும் இறப்புகள், அவ்விலை இல்லாதிருப்பின் நேர்ந்திருக்கக்கூடிய அளவினும் 13.4 விழுக்காடு குறைந்தன என 2023இல் வெளியான மதிப்பீடு கூறியது. 2021இல் வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு வார உதவித்தொகை தொடங்கப்பெற்றது. 2022இல் அது குழந்தை ஒன்றிற்கு 25 பவுண்டாக உயர்ந்தது. விலையும் உதவித்தொகையும் நிதித்துறையின் கருவிகள்; அவை இங்கு நலத்துறையின் கருவிகளும் ஆயின.

நாம் உணர வேண்டியது

ஆயினும் வெற்றி முழுமையன்று. 2010க்குப் பின் பிரித்தானிய அரசு மேற்கொண்ட செலவுக் குறைப்பினால் வறியோரின் ஆயுள் வளர்ச்சி தடைப்பட்டது என ஆய்வாளர் பலர் எடுத்துரைத்துள்ளனர். 2020இல் மட்டும் ஸ்காட்லாந்தில் போதைப்பொருளால் 1,339 பேர் மாண்டனர். நல்வாழ்வு என்னும் சொல்லைக் கொள்கை ஏட்டில் எழுதுவது எளிது. அதற்குரிய பணத்தை ஆண்டுதோறும் குறையாது ஒதுக்குவதே அரிது.

ஒரு நகரின் நலம் மருத்துவமனையில் மட்டும் உருவாவதன்று. குடிநீர், வீடு, வேலை, அண்டை அயலாரின் துணை ஆகியவற்றில் அது பிறக்கிறது. ஆகவே வரவு செலவுத் திட்டம் ஒவ்வொன்றையும், 'இதனால் எத்தனை பேர் நோயின்றி வாழ்வர்?' என்னும் வினாவைக் கொண்டும் நாம் அளத்தல் வேண்டும். பிணியின்மையை முன்வைத்த வள்ளுவர் காட்டிய வரிசையும் அதுவே.